கேமராவுக்குப் பொட்டு, கடுதாசிக்குச் சுழி

என் மடிக்கணினியின் கேமராவுக்கு நான் பொட்டு வைத்திருக்கிறேன். மெரூன் நிற ஒட்டுப்பொட்டு, நடுத்தர அளவு, டெல்லியில் எங்கள் மயூர் விஹாரின் புதன் சந்தையில் வாங்கிய அட்டையிலிருந்து உரித்தது. பசை காய்ந்தால் புதிதாக ஒன்று வைப்பேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் என் கணவர், "பொட்டு வச்சாச்சு, பூவும் வச்சிட்டா ஒரு மாப்பிள்ளை பாத்துருவோம்" என்பார். அவருடைய பிறந்த தேதி தெரியாத ஆப் இந்தியாவில் ஒன்றுகூடக் கிடையாது. பிறந்தநாளன்று ஜோடு விற்கிற கடைக்காரன் முதல் எவனெவனோ வாழ்த்து அனுப்புகிறான். இவர் அதை எனக்கு வாசித்துக் காட்டிச் சந்தோஷப்படுவார்.

நான் நொய்டாவில் ஒரு கம்பெனியில் சர்வர்களைக் கவனித்துக்கொள்கிறேன். யார் எப்போது எதைத் தொட்டார்கள் என்பது ஒரு எழுத்து விடாமல் பதிவாகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. ஓட்டல் சமையற்கட்டில் வேலை செய்தவருக்கு அந்த ஓட்டலில் சாப்பிட மனசு வராது. எனக்கும் அந்தக் கதிதான். வீட்டில் லினக்ஸ் தவிர வேறெதுவும் ஓடாது. இணையத்தில் உலாவுவதற்கு டோர் என்கிற உலாவி. அது என் கோரிக்கையை மூன்று தேசத்துக் கணினிகள் வழியாகச் சுற்றவிட்டுத்தான் கொண்டுபோய்ச் சேர்க்கும். தக்காளி சாதக் குறிப்பு தேடினால்கூட ஐரோப்பாவைச் சுற்றிப்பார்த்துவிட்டுத்தான் வரும். அதற்குள் குக்கர் நாலு விசில் அடித்துவிடும்.

இந்த மென்பொருள்கள் எல்லாமே இலவசம், அதைவிட முக்கியமாக, எல்லாமே திறந்த புத்தகம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். நம்மை மறைக்க உதவுகிற கருவி தன்னுள் எதையும் மறைத்து வைக்கக் கூடாது என்பது இதைச் செய்கிறவர்களின் கொள்கை. என்னுடைய கொள்கையும் அதுதான் என்று அலுவலகத்தில் அடிக்கடி சொல்லி எல்லோரையும் போரடிப்பேன். கடவுச்சொல்லைக்கூட நானாக யோசித்து வைப்பதில்லை. லூடோ பகடையை உருட்டி, விழுகிற எண்களுக்கு ஒரு சொற்பட்டியலில் இருக்கும் சொல்லை எடுத்து, ஆறு சொற்களைக் கோத்து வைப்பேன். முதல் தடவை உருட்டியபோது, நான் தனியாக லூடோ ஆடுவதாக நினைத்து, கணவர் வேர்க்கடலைத் தட்டோடு எதிரே வந்து உட்கார்ந்துவிட்டார்.

கூரியர்காரருக்கு என் பெயர் வேறு. பீட்சாக் கடைக்கு இன்னொரு பெயர். மாமியாருக்கு அனுப்பும் புகைப்படத்திலிருந்துகூட எடுத்த இடத்தையும் நேரத்தையும் நீக்கித்தான் அனுப்புவேன். அவர் என்னைப் பார்க்க வருவதற்கும் அந்தப் படத்துக்கும் சம்பந்தமில்லை என்பது எனக்கும் தெரியும். பழக்கம் அப்படி.

இன்னொரு பழக்கமும் எனக்கு உண்டு. எதை எழுத ஆரம்பித்தாலும் மேலே ஒரு பிள்ளையார் சுழி போட்டுவிடுவேன். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் ஒரே ஒரு தடவை மறந்துபோனேன். அதன் விளைவை வீட்டில் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்கள். அன்றிலிருந்து விடவில்லை. குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் காய்கறிப் பட்டியலின் தலையில் ஒரு உ. அலுவலகத்தில் நான் எழுதும் நிரல்களின் தலையில் ஒரு உ. ஒருமுறை ஒரு சர்தார்ஜி பையன் அதை வைரஸ் என்று நினைத்துப் புகார் எழுப்பிவிட்டான். பிள்ளையார் இருக்கிறாரா என்று என்னைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். சுழி போடாமல் எழுத முடியுமா என்று கேட்டால், முடியாது. வெளியே போகிற கடிதமாக இருந்தால் எழுதி முடித்ததும் அழித்துவிடுவேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்து, தரை துடைக்க வருகிற அக்காவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். கள்ளக்குறிச்சிப் பக்கம். ஜங்புராவில் பாராபுல்லா சாக்கடையை ஒட்டியிருந்த மதராசி கேம்ப் என்கிற தமிழர் குடிசைப் பகுதியில் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருந்தவர். கேம்ப்பை புல்டோசர் வைத்து இடித்தபோது, ஊரின் கோடியில் நரேலாவில் மாற்று வீடு கிடைத்தவர்கள் அங்கே போனார்கள். இவருக்குக் கிடைக்கவில்லை. திரிலோக்புரியில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "ஒரு விதத்துல நல்லதாப் போச்சும்மா, ஒங்க வூட்டுக்கு நடந்தே வந்துரலாம்" என்றார். இப்படிப் பேசுகிறவரிடம் என்ன ஆறுதல் சொல்வது. நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டியின் வாசலில் ஒரு ஆப் இருக்கிறது. வேலைக்கு வருகிறவர்களின் புகைப்படம், போன் நம்பர், விலாசம், எந்தெந்த வீட்டில் வேலை, எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார், எல்லாம் அதில் இருக்கும். வீட்டுக்காரர்கள் நட்சத்திரமும் போடலாம். காவலாளியிடம் போனைக் காட்டினால் பச்சை வரும், உள்ளே விடுவார். நான் அந்த ஆப்பை என் போனைத் தொடவே விடவில்லை. கணவர் போனில் இருந்தது. அதில் ஒருநாள் பார்த்தேன், அக்காவுக்கு நாலு புள்ளி இரண்டு நட்சத்திரம். ஆட்டோவுக்கும் பரோட்டாக் கடைக்கும் போடுகிற நட்சத்திரம். அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிறகு சொசைட்டியில் எல்லா வேலையாட்களின் விலாசத்தையும் மறுபடி சரிபார்த்தார்கள். அக்காவின் ஆதார் அட்டையில் இருந்தது கேம்ப் விலாசம். அந்த விலாசத்தில் இப்போது கேம்ப்பே இல்லை. எங்கள் செயலாளர் ஏதோ ஒரு அமைச்சகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். கீழ்த்தளத்தில் குடியிருப்பவர், சட்டைப்பையில் எப்போதும் சிவப்பு மைப் பேனா வைத்திருப்பவர். அவர் அந்த ஆதார் நகலைப் படமெடுத்து, விலாசத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'இந்த விலாசம் இல்லை. எல்லோரும் ஜாக்கிரதை' என்று சொசைட்டி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அக்காவின் முகம், ஆதார் எண், நகலின் ஓரத்தில் எழுதியிருந்த போன் நம்பர், அப்பா பெயர், பிறந்த வருஷம், அத்தனையும் இருநூறு போன்களில் போய் உட்கார்ந்தன. மறுநாள் வாசலில் சிவப்பு வந்தது. அவர் வேலை செய்த மற்ற நாலு வீட்டிலும், "அச்சா, பார்த்துச் சொல்றோம்" என்றார்கள். பார்க்கவில்லை, சொல்லவும் இல்லை.

அக்காவின் போனுக்கு யார் யாரோ கூப்பிட ஆரம்பித்தார்கள். கடன் வேண்டுமா என்று ஒருவன். கார்டு முடங்கிவிடும், எண்ணைச் சொல் என்று ஒருவன். இன்னொருவன் தினமும் கூப்பிட்டு, பேசாமல் இருந்தான். "மூச்சு வுடுறது மட்டும் கேக்குதும்மா" என்றார் அக்கா. எனக்கு ரத்தம் கொதித்தது.

சரி, ரத்தம் கொதித்ததே, அந்த ஆதார் நகலை சொசைட்டி அலுவலகத்தில் முதலில் கொண்டுபோய்க் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். ரெண்டு வருஷத்துக்கு முன் அவர் வேலைக்குச் சேர்ந்த அன்று, நகல் கேட்டார்கள். வாங்கிப் போய்க் கொடுத்தேன். எதற்கு, எங்கே வைப்பீர்கள், யார் பார்ப்பார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கணினியின் கண்ணுக்குப் பொட்டு வைத்த மகராசி, இன்னொருத்தியின் முகத்தைக் ஒரு கையெழுத்துகூட இல்லாமல் தானம் பண்ணிவிட்டு வந்தேன். அன்று எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. இப்போது நினைத்தாலும் முகம் சுடுகிறது.

சிவப்பு வந்தவர்களை உள்ளே விட ஒரே வழி, வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து, தன் விருந்தாளி என்று சொல்லி அழைத்துப்போவது. அதனால் தினமும் காலையில் நான் இறங்கிப்போய் அக்காவை விருந்தாளியாக அழைத்துவந்தேன். விருந்தாளி என் வீட்டுப் பாத்திரத்தைத் தேய்த்துவிட்டுப் போனார். ஐந்து வீட்டு வருமானம் ஒரு வீட்டுக்கு வந்துவிட்டது. நான் செயலாளரிடம் நேரே போய்க் கேட்டிருக்கலாம். ஏன் போகவில்லை என்றால், எங்களுடையது வாடகை வீடு. அந்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். அதற்குச் செயலாளரின் தடையில்லாச் சான்று வேண்டும். பயம்தான், வேறொன்றுமில்லை.

பயந்தவளுக்குத் தொழில்நுட்பம் துணை. பெயரில்லாமல் எழுதுவது என்று முடிவு செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கணவர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தபோது, வேலையை ஆரம்பித்தேன். பென் டிரைவிலிருந்து மட்டுமே ஓடுகிற ஒரு இயங்குதளம் இருக்கிறது. பிடுங்கியதும் நடந்த எதுவும் அதன் நினைவில் இருக்காது. அதில் கணினியைக் கிளப்பினேன். டோர் வழியாகப் புதிய மின்னஞ்சல் கணக்கு ஒன்று திறந்தேன். வீட்டு வைஃபை வேண்டாம் என்று, இதையெல்லாம் செய்தது மெட்ரோ நிலையத்துக்குக் கீழே இருக்கும் காப்பிக் கடையில் உட்கார்ந்து. கேமராவில் படாத மூலை. காப்பிக்குக் காசு ரொக்கமாக. உளவாளிகூட இவ்வளவு சிரமப்பட மாட்டாள், அவளுக்குச் சம்பளம் வேறு கிடைக்கும்.

எழுத்து நடையை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிட முடியும் என்பது எனக்குத் தெரியும். அதனால் என் ஆங்கிலத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மத்திய அரசு ஆங்கிலத்தை எடுத்து மாட்டிக்கொண்டேன். 'உரிய மரியாதையுடன் பணிவன்புடன் சமர்ப்பிப்பது யாதெனில்' என்கிற ரகம். என்ன எழுதினேன் என்றால், ஒரு மனுஷியின் அடையாள அட்டையைக் குழுவில் போட்டது தவறு, அதை உடனே நீக்க வேண்டும், அவருடைய வீட்டை இடித்தது அவர் குற்றமில்லை, வாசலில் அவருக்குப் பச்சை தர வேண்டும். நிர்வாகக் குழுவின் ஏழு பேருக்கும் அனுப்பினேன். பென் டிரைவைப் பிடுங்கினேன். கணினி எல்லாவற்றையும் மறந்தது. நான் ரெண்டாவது காப்பி வாங்கிக் குடித்தேன். என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே புல்லரித்தது.

செயலாளர் பழைய காலத்து ஆள். மின்னஞ்சல் என்றால் அச்செடுத்தால்தான் அவருக்கு அது வந்து சேர்ந்ததாக அர்த்தம். அச்செடுத்து, மேலே சிவப்பு மையில் 'பெயரில்லாத புகார். நடவடிக்கை தேவையில்லை. கோப்பில் வைக்கவும்' என்று குறித்து, லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டார். முப்பத்தைந்து வருஷம் கோப்புகளோடு வாழ்ந்த மனுஷன். கையெழுத்தில்லாத காகிதம் அவருக்குக் காகிதமே இல்லை.

மறுநாள் காலையில் வழக்கம்போல என் விருந்தாளியை அழைத்துக்கொண்டு லிஃப்ட்டுக்குக் காத்திருந்தேன். அக்கா அறிவிப்புப் பலகையைப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் ஒரு எழுத்துகூடத் தெரியாது.

"என்னாம்மா இது, புள்ளையார் சுழி போட்டுருக்காங்க?" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். காகிதத்தின் உச்சியில், நட்ட நடுவில், தனியாக ஒரு உ உட்கார்ந்திருந்தது. அந்த மறதிக்கார இயங்குதளத்தில் தமிழ் விசைப்பலகை தானாக வராது. நானாகத்தான் அதைத் தேடிச் சேர்த்திருக்கிறேன், ஒரே ஒரு எழுத்துக்காக. சேர்த்ததும் போட்டதும் கைப்பழக்கம். அழிக்க மட்டும் மறந்திருக்கிறேன்.

"எது?" என்றேன், ஒன்றும் தெரியாதவள்போல.

"தோ, மேல. இங்க தமிழுக்காரங்க வூடு நாலு. அதுல வெங்காயம், உருளக்கெழங்குக்கெல்லாம் சுழி போட்டு ஃபிரிட்ஜுல ஒட்டுற வூடு எது?"

மூன்று தேசம் சுற்றி வந்த கடுதாசி. அவருக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. லிஃப்ட் வந்தது, யாரும் ஏறாமல் கதவை மூடிக்கொண்டு போய்விட்டது.

"என்னா எழுதியிருக்க?" என்றார். குரலில் சிரிப்பு போய்விட்டிருந்தது. முழுதும் தமிழில் சொன்னேன். சிவப்பு மையில் இருந்ததையும் சொன்னேன்.

"ஒம் பேரு எங்க போட்டுருக்க?"

"போடலக்கா."

"ஏன்?"

ஒப்பந்தம், சான்று, வீடு என்று இழுத்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அசிங்கமாக இருந்தது.

"கேம்ப்ப இடிக்க வந்தப்ப நாங்க எத்தன மனு குடுத்தோம் தெரியுமா? பேரு, கட்டவெரல் ரேகை, போட்டோ, கார்டு ஜெராக்ஸு, அல்லாம் வச்சிக் குடுத்தோம். ஒரு ஆபீசு வுடல. அதையே எவனும் படிக்கல. பேரே இல்லாத கடுதாசிய எவம்மா படிப்பான்?" அவர் பலகையைப் பார்த்தபடியே பேசினார். "வூடு போயிருச்சு. விலாசம் மட்டும் ஊருல இருக்கிற கம்ப்யூட்டரு அல்லாத்திலும் பத்திரமா இருக்குது. இப்ப பாரு, நான்தான் சொல்லி எழுத வச்சேன்னு நெனப்பாங்க. நாளைக்கு ஒன் வூட்டுக்குக்கூட வுட மாட்டாங்க. அது தோணலையா ஒனக்கு?"

தோணவில்லை. என்னை யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்பதைப் பற்றி மட்டும் ரெண்டு நாள் யோசித்திருந்தேன். கண்டுபிடிக்க முடியாத குற்றத்துக்கு யார்மேல் பழி விழும் என்று யோசிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கம் என்றுகூடச் சொல்ல முடியாது, அதைவிட மட்டமான ஏதோ ஒன்று.

"நீங்க மேல போங்க அக்கா, அவரு வீட்டுலதான் இருக்காரு" என்றேன். அவர் போனதும் வாசலுக்குப் போனேன். காவலாளியின் ரிஜிஸ்டரோடு நூலில் கட்டியிருந்த பேனாவை ஒரு நிமிஷம் கேட்டேன். அவர் நூலை அவிழ்க்க மாட்டேன் என்றார். பல்லால் கடித்து அறுத்தேன். பலகைக்கு வந்து, அந்தக் காகிதத்தின் அடியில் என் பெயரை எழுதினேன். அப்பாவின் இனிஷியலோடு முழுப் பெயர், வீட்டு எண், போன் நம்பர். என் சொந்த நம்பர், கடைசி இலக்கம்கூடச் சரியானது. பல வருஷமாக எந்தக் கடைக்கும் கொடுக்காத நம்பர். பேனாவைத் திருப்பிக் கொடுத்தபோது காவலாளி, "பையாவிடம் சொல்லி நூல் வாங்கிக் கொடுங்கள்" என்றார். பையா என்றால் என் கணவர்.

நாலாவது மாடிக்குப் போவதற்குள் அந்தக் காகிதத்தின் படம் சொசைட்டிக் குழுவில் வந்துவிட்டது. கணவர் போனைக் கையில் பிடித்தபடி வீட்டு வாசலில் நின்றார்.

"ஏட்டி, பேரப் போட்டியா? நீயா?"

"ஆமா."

"பீட்சாக்காரன்கிட்டகூட உண்மையான பேரச் சொல்ல மாட்டாளே, அவளா?" அப்புறம்தான் அவருக்கு வீடு ஞாபகம் வந்தது. "ஒப்பந்தம் என்ன ஆகும், தெரியுமாட்டி?"

"தெரியும்."

அவர் உள்ளே போய், நான் நறுக்க வைத்திருந்த பீன்ஸை எடுத்து நறுக்க ஆரம்பித்தார். கோபம் வந்தால் அவர் செய்கிற வேலை அது. அன்று ஒரு கிலோ பீன்ஸ் நறுக்கினார்.

சாயங்காலம் செயலாளர் கூப்பிட்டனுப்பினார். போனேன். டீ கொடுத்தார், மகளைக் கூப்பிடுவதுபோல பேட்டா என்றார், உட்காரச் சொன்னார். மேஜையில் ஒரு புதுக் கோப்பு, அதற்கு ஒரு எண். கையெழுத்து இல்லாதவரை அது குப்பை, கையெழுத்து வந்துவிட்டால் அது புகார், புகார் என்றால் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும் என்று இந்தியில் விளக்கினார். அவருக்கு என்மேல் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விதியை மட்டும் மீற மாட்டார். அவருடைய கணினித் திரையின் ஓரத்தில் மஞ்சள் சீட்டில் கடவுச்சொல் எழுதி ஒட்டியிருந்தது. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். சிலதைப் பார்த்தால் எனக்குத் தூக்கம் கெடும்.

அந்த ஆதார் படத்தை நீக்கச் சொன்னேன். அவர் போனை என்னிடமே நீட்டினார். எல்லோருடைய போனிலிருந்தும் அழிக்கிற கெடு தாண்டிப் போயிருந்தது. அவர் போனிலிருந்து மட்டும் அழிக்க முடிந்தது. "இருநூறு பேர் போனில் இது அப்படியே இருக்கும், யார் யாருக்கு அனுப்பினார்களோ அதுவும் தெரியாது" என்றேன். "அச்சா?" என்றார். நிஜமாகவே அதிர்ந்துபோனார். அவர் காலத்தில் ஒரு காகிதத்தைக் கிழித்தால் அது கிழிந்தது. கொஞ்ச நேரம் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குழுவில் ஒரு மன்னிப்புச் செய்தி போட்டார், நாலு பத்தி, எண்கள் போட்டு.

பச்சைக்கு மட்டும் ஒரு விலாசம் வேண்டும் என்றார். விதி. திரிலோக்புரி அறையின் சொந்தக்காரர் எழுதிக் கொடுக்க மாட்டேன் என்று ஏற்கெனவே அக்காவிடம் சொல்லியிருந்தார். "என் வீட்டு விலாசத்தைப் போடுங்கள்" என்றேன். அதற்கு நான் பொறுப்பு என்று உறுதிமொழிக் கடிதம் மூன்று பிரதி கேட்டார். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன், மூன்றிலும் சுழி போட்டு. இந்த முறை தெரிந்தே போட்டேன். ஒன்று கோப்புக்கு, ஒன்று வாசலுக்கு. மூன்றாவதன் ஓரத்தில் சிவப்பு மையில், 'தகவலுக்காக, வீட்டு உரிமையாளருக்கு' என்று எழுதினார். பார்த்தேன். அவருக்குக் கை அப்படித்தான் போகும், எனக்குச் சுழிக்குப் போகிற மாதிரி.

மறுநாள் வாசலில் பச்சை வந்தது. அக்கா காவலாளியைப் பார்த்து, "பாத்துக்க, இனிமே நான் விருந்தாளி இல்ல" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வந்தார். நாலு வீட்டிலும் மறுபடி கூப்பிட்டார்கள். நட்சத்திர விவகாரத்தை ஒருவழியாக அவரிடம் சொன்னேன். யார் ஒற்றை நட்சத்திரம் போட்டது என்று ஆப்பில் காட்டச் சொன்னார். காட்டினேன். அந்த வீட்டைத் தவிர மற்ற மூன்றுக்கும் போனார். "அந்தம்மாவுக்கு நான் முட்ட போட்டுட்டேன்" என்றார்.

மூச்சு விடுகிறவன் விடவில்லை. அக்கா சிம்மை மாற்றினார். தெரியாத நம்பர்களைத் தடுக்கிற ஒரு இலவச ஆப்பை அவர் போனில் போட்டுக் கொடுத்தேன். புது நம்பரைக் கேட்டதற்கு, "எதுக்கு?" என்றார். வரமுடியாத நாளில் சொல்ல வேண்டாமா என்றேன். யோசித்துவிட்டுத்தான் சொன்னார். பல வருஷமாக நான் உலகத்தைக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை முதல் தடவையாக என்னிடம் ஒருவர் கேட்டார். கேட்டது சரியான ஆள்.

ஒருநாள் எங்கள் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. மிக்ஸி ஜாடி. மேலே அக்காவின் பெயர், எங்கள் வீட்டு எண். அவர் ஆர்டர் செய்திருந்தார். பார்சலைக் கையில் வாங்கி, அட்டையை ரெண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிரித்த பிறகும் அந்த அட்டையைத் தூக்கிப் போடவில்லை, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அதற்கு அடுத்த வாரம் வீட்டு உரிமையாளர் கூப்பிட்டார். ரொம்ப மரியாதையாகப் பேசினார். அவருடைய தங்கை மகன் டெல்லிக்கு வருகிறானாம். வீடு தேவைப்படுகிறதாம். மூன்றாவது பிரதியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ரெண்டு மாதம் கொடுத்தார். நான் கணவரின் முகத்தைப் பார்க்கத் துணியாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் என் மடிக்கணினியை எடுத்து மூடி, தட்டிக் கொடுத்து, "சரி, பொட்டு வச்ச இவளையும் கூட்டிக்கிட்டு வேற எடம் பாப்போம்" என்றார். அன்று அவர் பீன்ஸ் நறுக்கவில்லை.

அக்காவிடம் சொல்ல எனக்கு மூன்று நாள் பிடித்தது. அதற்குள் அவர் போகும் மற்ற மூன்று வீடுகளிலும், அவருக்காக ஒரு உறுதிமொழிக் கடிதம் தர முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். மூன்று வீட்டிலும் அதே வாசகம்.

நாலாவது நாள், அவர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் நின்று, "வீட்டைக் காலி பண்ணுறோம் அக்கா" என்றேன்.

குழாயை மூடினார். "எப்ப?"

"ரெண்டு மாசத்துல."

"அப்ப என் விலாசம்?"

"மறுபடியும் இல்லாத விலாசம் ஆயிரும்க்கா. வாசல்ல செவப்பு வந்துரும்." அழுகை வந்தது. என்மேலும், மூன்று பிரதி எழுதச் சொன்ன விதிமேலும், யோசித்துச் சொல்கிறவர்கள்மேலும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு சமையலறையைச் சுற்றிப் பார்த்தார். ஈரக் கையால் சுவரை ரெண்டு தட்டு தட்டினார்.

"வுடும்மா. இந்த தபா செவுராவது நிக்குதில்ல" என்றார்.